அடி வாங்கும் உத்தியோகம்

கித்துல்கலவுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் இறப்பர் தோட்டத்தில், கூரை ஒழுகிக் கிடந்த பழைய புகைவீட்டைக் கெண்டோ மண்டபமாக மாற்றியவன் நான். இறப்பர் ஷீட் தொங்கவிட்டுப் புகை போட்டுப் போட்டுக் கரி அப்பிக் கிடந்த சுவர்களைத் தேங்காய் மட்டையும் சாம்பலும் கொண்டு தேய்த்து வெள்ளையடித்தவன் நான். வெறுங்காலால் ஓங்கி மிதித்தாலும் முழங்கால் நோகாத தரை வேண்டும் என்றார்கள். கினிசப்பு மரப் பலகையை இழைத்து அடித்து, அடிச்சட்டங்களுக்குக் கீழே கழிவு இறப்பரைத் தடித்த வில்லைகளாக வெட்டி வைத்தவன் நான். அந்த யோசனையை எந்த இஞ்சினியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூங்கில் வாள் ஜப்பானிலிருந்து வந்துசேர மாதக்கணக்காகும் என்றிருந்த காலத்தில், ஆற்றங்கரை மூங்கிலை வெட்டிப் புகையில் பதப்படுத்தி, நான்கு பட்டையாகச் சீவிக் கட்டி வாள் செய்தவனும் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பாடசாலைப் படி ஏறாதவன். இறப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி ஒன்று, வாளி ஒன்று, அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்ன வாயால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்த மண்டபம் ஹோட்டலாகிவிட்டது. என் கழுத்து இடது பக்கம் திரும்பாது. கோப்பையைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. கெண்டோ சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் மனசுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து வாசிக்க உட்காராதீர்கள்.

கெண்டோ என்றால் ஜப்பான்காரர்களின் வாள் முறை. கையில் இருப்பது மூங்கில் வாள். தலைக்கு இரும்புக் கம்பி முகமூடி வைத்த கவசம், கைக்குத் தடித்த உறை, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் காப்பு. அடிக்க அனுமதி உள்ள இடங்கள் தலை, மணிக்கட்டு, விலா, அதற்கு மேல் தேர்ந்தவர்களுக்குத் தொண்டை. எந்த இடத்தை அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடிக்க வேண்டும். கத்தாமல் பட்ட அடி அடியே அல்ல. சத்தம், வாள், கால் மூன்றும் ஒரே கணத்தில் சேர வேண்டும். சேர்ந்தால்தான் நடுவரின் கொடி உயரும். அடித்த பிறகு கை உயர்த்திக் குதித்தால், கிடைத்த புள்ளியையும் பிடுங்கிக்கொள்வார்கள். எங்கள் ஆட்களுக்குக் கடைசிவரை பிடிபடாத சட்டம் அதுதான். ஜெயித்தவன் சந்தோசப்படக் கூடாதென்றால் என்ன விளையாட்டு என்று கேட்பார்கள்.

இதை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தவர் ஹயாஷி ஐயா. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட வந்த ஜப்பான் கம்பெனியின் மேற்பார்வையாளர். தோட்டத்துப் பழைய பங்களாவில் தங்கினார். காலையில் பங்களா முற்றத்தில் தனியே நின்று மூங்கில் வாளால் காற்றை வெட்டுவார். வேலைக்குப் போகும் நாங்கள் வேலி ஓரம் நின்று சிரிப்போம். ஒருநாள் எங்களில் சிலரை உள்ளே கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தார். வாளை ஓங்கி, முகத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் தலையைக் குனிந்தார்கள், கையைத் தூக்கினார்கள், மருதை என்று ஒருவன் வேலியே தாண்டிவிட்டான். நான் கண்ணை மூடவில்லை. தைரியம் என்று அவர் நினைத்தார். நானும் ஆமென்று தலையாட்டினேன். உண்மையில் அப்போது நான் புகைவீட்டு வேலைக்காரன். புகைக்குள் கண்ணை மூடுகிறவன் அந்த வேலையில் ஒரு வாரம் நிற்கமாட்டான். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கற்றுக்கொள்ள அல்ல, அடி வாங்க. கெண்டோவில் தனியாக எவ்வளவு வீசினாலும் பாதிதான். எதிரே உயிருள்ள ஒரு தலை வேண்டும். அப்படி நிற்கிறவரை மொத்தோதாச்சி என்பார்கள். நான் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டேன். கம்பெனி கணக்கில் என் பெயர் உதவியாளர். அதற்குப் பிறகு கண்ணாடி நார்த் தொழிற்சாலைக் காவல், பஸ் நடத்துனர் வேலை என்று எத்தனையோ பேர் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கம்பெனி போன பின் தோட்டமும், பிறகு வந்து கெண்டோ படித்தவர்களும் என்னைத் தாங்கினார்கள். அதன் பின் உழைத்த காலம் முழுக்க நான் செய்தது அந்த ஒரே வேலை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலைத் தூக்காமல் தரையைத் தேய்த்து நடக்கப் பழகினேன். பாதத் தோல் உரிந்தது, ஆறியது, மறுபடி உரிந்தது. தலையில் துண்டு கட்டுவதில் மட்டும் ஹயாஷி ஐயா எனக்கு ஒன்றும் கற்றுத்தர முடியவில்லை. பால் வாளி சுமக்கிற சனத்துக்குத் தலைத்துண்டு கட்டச் சொல்லித்தர வேண்டுமா? கவசத்துக்குள் அவிழாமல் நிற்கும் என் கட்டைப் பார்த்து அவரே தன் கட்டை மாற்றிக்கொண்டார்.

அவருடைய முறை இப்படி. மண்டப வாசலில் நின்று குனிவார், யாரும் இல்லாத அறைக்கும். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து வாள்களை ஒவ்வொன்றாக எடுப்பார். நான்கு பட்டையையும் விரல் நகத்தால் அடியிலிருந்து நுனிவரை தடவுவார். ஒரு சிம்பு எழும்பியிருந்தாலும் அந்த வாள் அன்றைக்கு வேலைக்கு இல்லை. சிம்பு முகமூடிக் கம்பிக்குள் புகுந்தால் கண் போய்விடும். நுனித்தோல் இறுக்கமா, நடுக்கட்டு நகர்ந்திருக்கிறதா, நூல் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கண்ணாடித் துண்டால் சுரண்டி எண்ணெய் தடவுவார். இதற்குள் எனக்குக் கால் மரத்துவிடும். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகச் செய்வார், அவ்வளவுதான். சிங்களம் கொஞ்சம் படித்திருந்தார். என்னோடு அதில்தான் பேசுவார். நல்ல அடி அடித்தால் "ஹரி", அதாவது சரி, என்பார். கெட்ட அடிக்கு ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்கு நான் பயந்த மாதிரி எந்தத் தொரையின் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

ஒரு மழைநாளில் கதை சொன்னார். அந்தக் காலத்தில் மரவாளால் பழகி எலும்பு முறிந்தார்களாம், செத்தும் போனார்களாம். சாகாமல் முழு பலத்தோடு பழக வேண்டும் என்றுதான் மூங்கிலும் கவசமும் வந்ததாம். பிறகு வாள் தூக்கும் காலமே போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. பெரிய யுத்தத்தில் ஜப்பான் தோற்றதும், ஜெயித்தவர்கள் கெண்டோவைத் தடை செய்தார்கள். அவருடைய அப்பா கவசத்தைச் சாக்கில் கட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒளித்துவைத்தாராம். தடை நீங்கி எடுத்துப் பார்த்தபோது எலி தின்றிருந்ததாம்.

"எலி தின்னதுக்கு அப்புறம் என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"கிழிந்ததைப் போட்டுக்கொண்டு அடி வாங்கினார்" என்றார். "கவசம் இல்லாவிட்டாலும் தலை இருந்தது."

என் வேலையை இப்போது விளக்குகிறேன். யாரும் இதை எழுதி நான் கண்டதில்லை. எழுதுகிறவர்களெல்லாம் அடித்தவர்கள். அடி வாங்குவது என்றால் மரம் போல நிற்பது அல்ல. எதிரே இருப்பவன் எப்போது மூச்சு இழுக்கிறான், எப்போது இடது குதிகாலில் பாரம் வைக்கிறான் என்று பார்க்க வேண்டும். அவன் பாயப்போகும் அந்தக் கணத்துக்கு முன் என் வாள் நுனியை ஒரு நெல்மணி அளவு வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அதுதான் தலைக்கு வாசல். கையைச் சற்றே உயர்த்தினால் மணிக்கட்டுக்கு வாசல். முன்னரே திறந்தால் அவன் சோம்பேறியாவான். பிந்தித் திறந்தால் பயந்துபோவான். சரியான நேரத்தில் திறந்தால், தானே கண்டுபிடித்து அடித்ததாக நினைத்துக்கொள்வான். அந்த நினைப்புத்தான் அவனை வளர்க்கும். அடி விழும்போது தாடையை உள்ளே இழுக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், விழுந்ததும் "இன்னொண்ணு!" என்று கத்தி அவனை மறுபடி வரவழைக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் விறகு பிளக்கிற மாதிரி அடிப்பார்கள். பாதி அடி கவசத்தில் விழாது. முழங்கையில் விழும், தோளில் விழும், காதோரம் விழும். அதையும் வாங்கிக்கொண்டு "இன்னொண்ணு" என்று சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தலையில் விழும் அடியை வைத்தே யார் அடித்தது என்று சொல்வேன். இந்த நாட்டில் வேறு எவனாவது சொல்வானா? வரச்சொல்லுங்கள்.

ஊருக்குள் என்ன பெயர் கிடைத்தது என்கிறீர்கள்? பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் என் மனைவி செல்லம்மாவை விடவில்லை.

"என்ன செல்லம்மா, ஒன் வீட்டுக்காரரு ஜப்பான்காரங்கிட்ட அடி வாங்குறதுக்குச் சம்பளமாமே? எங்க வீட்டு ஆளையும் சேர்த்துக்குவாங்களா? நான் சும்மாவே அடிக்கிறேன்."

அவள் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிய வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"எங்க தாத்தா கங்காணிகிட்ட அடி வாங்குனாரு. எங்கப்பா தொரைகிட்ட வாங்குனாரு. அவங்க வேற வழியில்லாம வாங்குனாங்க. நீங்க தேடிப்போய், தலையில துண்டக் கட்டிக்கிட்டு, இன்னொண்ணு குடு இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்குறீங்க. ஒங்களுக்கு ரோசமே இல்லையா?"

"இது வேற அடி புள்ள."

"தலை ஒரே தலைதான?"

அதற்குப் பதில் எனக்கு அடுத்த வருசம்தான் கிடைத்தது.

அடுத்த வருசம் எங்கள் தோட்டத்துக்குச் சின்னத்தொரையாக, அதாவது உதவி முகாமையாளராக, நிரோஷன் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தோட்டத் தமிழும் பேசுவார், நல்ல படிப்பு, நல்ல உயரம். ஹயாஷி ஐயாவைப் பார்த்து ஆசைப்பட்டு மண்டபத்துக்கு வந்தார். கெண்டோ மண்டபத்தில் உட்காரும் வரிசை ஒன்று இருக்கிறது. பழையவர் மேல்பக்கம், புதியவர் கீழ்ப்பக்கம். பணம், பதவி, சாதி, மொழி எதையும் அந்த வரிசை கேட்காது. ஹயாஷி ஐயா என்னை மேலே உட்காரவைத்தார். தொரையைக் கதவோரம் உட்காரவைத்தார். பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குத் தரையில் கை ஊன்றி, நெற்றி தாழ்த்தி வணங்க வேண்டும்.

தொரை எனக்கு வணங்கினார்.

காலையில் அவருடைய ஜீப் வந்தால் நான் சாக்கடைக்குள் இறங்கி நின்று வழி விடுகிறவன். அன்று மாலை அவர் என் முன்னால் தரையில் கை ஊன்றிக் குனிந்து, சிங்களத்தில், "தயவு செய்து கற்றுத்தாருங்கள்" என்றார். செய்தி எங்கள் சனம் குடியிருக்கும் லயத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மறுநாள் புகைவீட்டு ஜன்னல்களில் கம்பி தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. பீலிக்கரைப் பெண்கள், பிள்ளை தூக்கிய கிழவிகள், வேலி தாண்டிய மருதை எல்லாரும் நின்றார்கள். செல்லம்மா பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்தாள். தொரை அன்றும் குனிந்தார். பிறகு மருதையின் குரல் மட்டும் கேட்டது.

"யேய், நம்ம ராமையாவுக்குடா கும்புடுறாரு!"

பிறகு தொரை என் தலையில் அடித்தார். நான் "இன்னொண்ணு!" என்று அதிகாரமாகக் கத்தினேன். அவர் ஓடி வந்து அடித்தார். "முதுகு வளையுது, இன்னொண்ணு!" மறுபடி வந்தார். வியர்த்து, மூச்சு வாங்கி, என் சொல்லுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் செல்லம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "கழுத்தக் காட்டுங்க" என்றாள்.  அது போதும்.

பாலம் முடிந்து ஹயாஷி ஐயா போனார். போகும்போது தன் தலைக்கவசத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மண்டபம் நடந்தது. கேகாலையிலிருந்து, வரக்காப்பொலவிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்தார்கள். பொலிஸ்காரர்கள், ஆசிரியைகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள். எல்லாரும் என் தலையில்தான் படித்தார்கள். அவர்களில் சிலர் பிறகு வெளிநாட்டுப் போட்டிக்கும் போனார்கள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் இருந்த வாள் நான் கட்டியது.

இனி நான் சொல்லவந்த விசயம். கொழும்பில் சங்கம் அமைந்ததும் ஒரு விதி வந்தது. தேர்வில் தேறிப் படி, அதாவது தகுதிநிலை, பெற்றவர் ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் மண்டபத்துக்கு அங்கீகாரம். எங்கள் மண்டபத்தில் அந்தப் படி யாரிடமும் இல்லை. நிரோஷன் தொரைதான் ஜீப்பில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ராமையா, முன்னுக்கு ஏறு" என்றார். தோட்டத்து ஜீப்பின் முன் இருக்கையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. "நீ பாஸ் பண்ணு. ஒன் பேர்லயே மண்டபத்தப் போடுறோம். நானும் ட்ரை பண்றேன், சும்மா."

மனுசர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். இதை நான் எங்கும் சொல்வேன்.

ஜப்பானிலிருந்து தேர்வாளர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு பேரோடு சண்டை செய்ய வேண்டும். முதலில் எனக்கு எதிரே வந்தவர் கொழும்பு இளைஞர், முகம் தெரியாதவர். அவரை நான் விட்டுவைக்கவில்லை. பாய்ந்து தலையில் ஒன்று, அவர் தடுமாறும்போது மணிக்கட்டில் ஒன்று. மேசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். நான் அடிக்கத் தெரியாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடித்தால் எப்படி அடிப்பேன் என்று அந்த இளைஞரைக் கேளுங்கள்.

இரண்டாவதாக எதிரே வந்து நின்றவர் நிரோஷன் தொரை. ஆள் குறைவு, அதனால் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார்கள்.

குனிந்தோம். வாள் நீட்டினோம். அவர் கத்தினார். அந்தக் கத்தலை வருசக்கணக்காகக் கேட்டவன் நான். கத்தலுக்குப் பிறகு மூச்சு இழுப்பார், இடது குதிகாலில் பாரம் வைப்பார், எனக்குத் தெரியும். மூச்சு இழுத்தார். குதிகால் அழுந்தியது. என் கை அசைந்தது.

நான் அசைக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நம்பினால் நம்புங்கள். வாள் நுனி ஒரு நெல்மணி அளவு வலப்பக்கம் போனது. வாசல் திறந்தது. அவர் வந்தார். சத்தமும் வாளும் காலும் ஒன்றாகச் சேர்ந்த அடி, என் உச்சந்தலையில், நடுவில். அவர் வாழ்க்கையில் அடித்த மிக நல்ல அடி அதுதான். எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சபையில், தேர்வாளர்கள் முன்னால், என் வாய் தானாகக் கத்தியது.

"இன்னொண்ணு!"

அந்தத் தேர்வு மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர் அவரும் நானும்தான். ஆனால் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவர் உடம்பும் பழகியபடியே ஓடி வந்தது. நான் மறுபடி திறந்தேன். இம்முறை மணிக்கட்டு. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே கத்துகிறேன். கை கேட்கவில்லை. நேரம் முடியும்வரை நான் அவரைப் படிக்கவைத்துக்கொண்டே இருந்தேன்.

சுவரில் முடிவை ஒட்டினார்கள். அவர் எண் இருந்தது. என் எண் இல்லை.

வயதான தேர்வாளர் ஒருவர் மொழிபெயர்க்கும் பெண்ணோடு என்னிடம் வந்தார். "நீங்கள் நெடுங்காலம் மொத்தோதாச்சியாக இருந்தவரா?" என்று கேட்டார். ஆம் என்றேன். குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். "இன்று நீங்கள் அவருக்காக வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை உங்களுக்காக வாருங்கள்" என்றார். பெரிய மனிதர், நல்ல வார்த்தை. ஆனால் வணக்கத்தைச் சுவரில் ஒட்ட முடியாது.

வெளியே ஜீப் பக்கத்தில் தொரை தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஏன் ராமையா தொறந்த?"

"நான் தொறக்கலீங்க தொரை. கை தொறந்துருச்சுங்க."

"நீ தொறந்தா நான் எப்படி அடிக்காம இருக்க? நீதான சொல்லித் தந்த? வாசல் தெரிஞ்சும் அடிக்காம இருந்தா எதிராளிய அவமானப்படுத்துறதுன்னு?"

"ஆமாங்க தொரை. நான்தான் சொன்னேன்."

அவர் முன் கதவைத் திறந்து பிடித்தார். நான் பின்னால் ஏறி, கவசப் பைகளோடு உட்கார்ந்துகொண்டேன்.  

அவர் அடித்தது சரி. நான் திறந்ததும் என் வேலைக்குச் சரி. எவர் மேலும் பிழை இல்லை. பிழை யார் மேலாவது இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது நான் தூங்கியிருப்பேன்.

அடுத்த பயிற்சி நாள் வந்தது. படி பெற்றவர் வந்துவிட்டால் பழையவருக்கும் மேலே அவர்தான். அதுதான் முறை. தொரை உள்ளே வந்து, பழைய பழக்கத்தில் கதவோரம் போய் முழங்காலிட்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து அவரிடம் போனேன்.

"மேல போய் உக்காருங்க தொரை."

"வேணாம் ராமையா. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருந்தா இது கெண்டோ இல்லீங்க. ஹயாஷி ஐயா மொகத்துல நாம முழிக்க முடியாதுங்க. போங்க."

அவர் போய் என் இடத்தில் உட்கார்ந்தார். நான் கீழே உட்கார்ந்து, தரையில் கை ஊன்றி, நெற்றி தாழ்த்தி அவரை வணங்கினேன். ஜன்னலில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். மருதை ஏதாவது நக்கல் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டத்து ஆள் தொரைக்குக் குனிவதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒவ்வொருவராக ஜன்னலை விட்டுப் போனார்கள். நிமிர்ந்தபோது கம்பிகள் தெரிந்தன.

நக்கல் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த முறை தேர்வாளர்கள் வருவதற்குள் என் விரல்கள் மரக்கத் தொடங்கிவிட்டன. கேகாலை ஆஸ்பத்திரி வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க? மூட்டை தூக்குவீங்களா?" என்று கேட்டார். தலையில் அடி வாங்கும் வேலை என்றேன். பைத்தியமென்று நினைத்தார் போல. கழுத்தெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று அமிழ்ந்துவிட்டன, இன்னும் ஒரு அடியும் படக் கூடாது என்றார். செல்லம்மா பக்கத்தில் நின்றாள். எனக்காகக் காத்திருந்த வார்த்தைகள் அவளிடம் நிறைய இருந்தன. ஆனால் அவள் என் சட்டைப் பொத்தானைத்தான் போட்டுவிட்டாள். இப்போது அவள் இல்லை. பொத்தானை நானே போடுகிறேன், நேரமாகும்.

தலை கொடுக்க ஆள் இல்லாத மண்டபம் எத்தனை நாள் ஓடும்? நிரோஷன் தொரை மாற்றலாகிப் போனார், பிறகு வெளிநாடு போனார். அவர் படிப்பித்த பிள்ளைகள் கொழும்பில் பெரிய ஆட்களானார்கள். மரங்களுக்கு வயதாகிப் பால் வற்றியது, தோட்டத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்காகப் புகைவீடு ஹோட்டலானது. என் தரையில் மேசை போட்டார்கள். சப்பாத்துக் காலோடு நடக்கிறார்கள். அடியில் நான் வைத்த இறப்பர் வில்லைகள் இன்னும் இருக்கின்றன, நடக்கும்போது தரை லேசாக அமுங்கி எழும். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஹோட்டல் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். புளத்கொகுபிட்டியப் பக்கத்து நம்ம பையன்தான், மரியாதையான பிள்ளை. தேத்தண்ணீர் கொடுத்தார்.

"ஐயா, நீங்க இங்க முந்தி இருந்தவருன்னு சொன்னாங்க. இந்தக் கெண்டோ உடுப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பீங்களா? டூரிஸ்ட் வந்து ஒரு அடி அடிச்சு போட்டோ எடுத்துக்குவாங்க. மெதுவாத்தான் அடிப்பாங்க."

"எனக்குக் கழுத்து சரியில்ல தம்பி."

"அப்ப வேற ஆளப் பாக்குறோங்க. சும்மா நிக்கிறதுதானே, யாரும் நிக்கலாம்."

யாரும் நிற்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தலைக்கு மேலே, சுவரில், ஹயாஷி ஐயா எனக்குக் கொடுத்து, மண்டபத்தோடு ஹோட்டலுக்குப் போய்விட்ட தலைக்கவசம் தொங்குகிறது. உச்சியில் பஞ்சு குழி விழுந்து, துணி வெளுத்து, உள்ளே என் வியர்வை உப்பு கோடு கோடாகக் காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் கண்ணாடிப் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள்: இந்த மலையில் கெண்டோவை ஆரம்பித்து வளர்த்தவர் நிரோஷன் அவர்கள். தமிழிலும் அப்படித்தான். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன், எழுத்தில் பிழை இல்லை. உங்கள் மலரின் வரலாற்றுப் பக்கத்துக்கும் அந்தப் பலகையைப் பார்த்தே எழுதியிருப்பதாக, அனுபவம் கேட்ட பிள்ளைகளே சொன்னார்கள்.

ஆகவே மலர் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. நிரோஷன் தொரை பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் நல்ல அடி அடித்தவர், அவர் பெயர் இருக்கட்டும். எனக்குப் படி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மேடையில் நாற்காலி வேண்டாம். கழுத்து திரும்பாதவனுக்கு மேடையில் என்ன வேலை? உங்கள் வரலாற்றுப் பக்கத்திலும், அந்தச் சுவரில் தொங்கும் கவசத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதுங்கள். மூன்று மொழியிலும் எழுதுங்கள். பெயரைச் சுருக்காமல், அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தக் கவசத்துக்குள் இருந்த தலை, பால் வெட்டும் தொழிலாளி பெருமாளின் மகன் ராமையாவுடையது.